அவரவர் முறை வரும்வரை

திங்கட்கிழமை காலை அழைப்பு மணி அடித்தபோது, அது தன் வீட்டு மணிதான் என்று ப்ரேபனுக்கு உடனே உறைக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்து, ரை தானிய ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைத் தொடர்ந்தார். இரண்டாம் முறை அடித்த பிறகுதான், மணி அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறப்பது வழக்கம் என்பது நினைவுக்கு வந்தது.

வெளியே இரண்டாம் மாடி டிட்டே. ஒரு காலில் செருப்பு, மறு காலில் காலுறை மட்டும். திறந்த மடிக்கணினியைத் தட்டில் வைத்த மீனைப் போல இரு கைகளாலும் ஏந்தியிருந்தாள்.

"ப்ரேபன், உன் நெட் செத்துப்போச்சு."

"காலை வணக்கம் டிட்டே. நல்லா ஓடும்போது நம்ம நெட்டு, படுத்துட்டா மட்டும் என் நெட்டா?"

"ஆமா. என் பசங்களும் அப்படித்தான். தூங்கும்போது என் பிள்ளைங்க, கத்தும்போது அவங்க அப்பனோட பிள்ளைங்க. பேசாம வா, ஒன்பது மணிக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங்."

உண்மையில் அது ஒரு வகையில் ப்ரேபனின் நெட்தான். நகரத்தின் வால்பிப் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி நிற்கும் அந்தச் செங்கல் கட்டடம் குடியிருப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். கூரை ஒழுகினாலும் சரி, சைக்கிள் கொட்டகைக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்றாலும் சரி, கூட்டம் போட்டு, கை தூக்கி, கேக் தின்று முடிவெடுப்பார்கள். பல வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு கூட்டத்தில், கம்பெனிக்காரன் எதற்கு, இணையத்தை நாமே இழுத்துக்கொள்வோம் என்று முடிவானது. தொலைபேசிக் கம்பெனியில் வேலையிலிருந்த ப்ரேபன் முன்னால் நின்றார். ஒரு கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடமே நிலவறைக்குள் இறங்கிக் கேபிள் இழுத்தது. இழுத்த கேபிளைவிடக் குடித்த பீர்தான் நீளம் என்று அவர் அந்த நாளில் சொன்ன ஜோக்கை இன்னமும் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நெட் கமிட்டியில் ஐந்து பேர். ஒருவர் செத்துப்போனார், ஒருவர் ஓடன்சேவுக்குக் குடிபோனார், இரண்டு பேருக்கு அலுத்துப்போயிற்று. இப்போது தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் ப்ரேபனே. கமிட்டிக் கூட்டங்களில் ஒருமித்த முடிவு எட்டுவது மிகவும் சுலபமாகியிருந்தது.

மனைவி விபேக்கே, சேர்ந்திசைக் குழுவில் அடிக்குரலில் பாடும் ஒருவனோடு ஓர்ஹூசுக்குப் போய்விட்டாள். அவ்வளவு தாழ்ந்த குரலோடு தன்னால் போட்டி போட முடியவில்லை என்பார் ப்ரேபன், யாராவது கேட்டால். யாரும் கேட்கவில்லை. பிறகு தொலைபேசிக் கம்பெனியும் ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்து, வயதுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியது. அதன் பின் அவர் வீட்டு மணியை ஒருவர் அடிக்கக் காரணம் என்று ஒன்று இருந்தால் அது நெட்தான். ஆனால் நெட் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வேலையைச் சரியாகச் செய்து தொலைத்திருந்தார். அதனால் யாரும் வரவில்லை.

இப்போது அதற்கும் ஆபத்து. அடுத்த வாரம் வியாழக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஆறாவது, டிட்டே கொண்டுவந்த தீர்மானம்: சொந்த நெட்டை மூடிவிட்டு, வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைப்பது. மரியாதையாக, 'ப்ரேபனின் நீண்ட காலச் சேவைக்கு நன்றியுடன்' என்றுகூட எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்தபோது, தன் கல்லறை வாசகத்தை எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னது போல அவருக்கு இருந்தது.

ஆகவே டிட்டேயின் மடிக்கணினியை அவர் சாதாரணமாகப் பார்க்கவில்லை. ஒரு வாக்காக அதைப் பார்த்தார்.

அவளுடைய சமையலறை மேசையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நவம்பரில் அந்த வெளிச்சம் இல்லையென்றால் ஓட்ஸ் கஞ்சி எது, மேசை எது என்று தெரியாது. அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் இருவரும் கஞ்சியை ஒருவர் மேல் ஒருவர் பூசிக்கொண்டிருந்தார்கள். ப்ரேபன் வைஃபையை அணைத்துப் போட்டார். கணினியை அணைத்துப் போட்டார். ரூட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கி, மனதுக்குள் ஒரு பாட்டுப் பாடிவிட்டு மறுபடி செருகினார். நெட்டை மறக்கச் சொல்லி, பாஸ்வேர்டைப் புதிதாகப் போட்டார். 'இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை' என்றே கணினி திரும்பத் திரும்பச் சொன்னது. கல்யாணமான சிலரின் நிலை மாதிரி, என்றார் ப்ரேபன். டிட்டே சிரிக்கவில்லை.

"நேத்து அப்டேட் ஆச்சு. அதுக்கப்புறம்தான் இப்படி," என்றாள்.

"போன்ல இருக்கிற நெட்டைக் கொஞ்ச நேரத்துக்கு..."

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அது கூடாது. விதி." மழைச்சட்டையை மாட்டிக்கொண்டே கணினியைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்தாள். "நான் நூலகத்துக்குப் போறேன். உனக்கு ஒண்ணு தெரியுமா? கம்பெனிக்காரன் நெட்டா இருந்தா இந்நேரம் போன்ல எவனையாவது வாய் நிறையத் திட்டியிருப்பேன். உன்னைத் திட்டவும் முடியல. முகத்தை நாய்க்குட்டி மாதிரி வச்சுக்கிட்டு நிக்கிற. அதுதான் இந்த நெட்டோட பெரிய குறை."

அன்று முழுக்க மணி அடித்தது. முதல் மாடியில் போடில் என்ற அம்மாள், மூன்றாம் மாடி மாணவர்கள், தரைத்தளத்தில் பாலே நடனம் கற்றுக்கொடுக்கும் அஸ்கெர். எல்லோருக்கும் ஒரே கதை: அப்டேட் வந்தது, நெட் போனது. ப்ரேபன் படி ஏறி இறங்கினார். மூட்டு வலித்தது. எத்தனையோ மாதங்களாக இல்லாத அளவுக்கு உற்சாகமாக இருந்தார்.

சாயங்காலம் நிலவறைக்குப் போனார். துணி துவைக்கும் அறைக்கும் பொதுக்கூடத்துக்கும் நடுவில் இருந்த சின்ன அறைதான் நெட்டின் இதயம். மின்விசிறிகள் உறுமின. திரையில் பதிவுகளைப் பார்த்ததும் ஐந்து நிமிடத்தில் சங்கதி விளங்கிவிட்டது.

ஒவ்வொரு கணினிக்கும் பிறக்கும்போதே தொழிற்சாலையில் குத்தப்பட்ட எண் ஒன்று உண்டு. சங்கத்தின் நெட், பட்டியலில் உள்ள எண்களை மட்டுமே உள்ளே விடும். முன்பொரு காலத்தில் ஒரு மாணவன் பாஸ்வேர்டைக் கால்பந்துக் குழு முழுவதற்கும் கொடுத்துவிட, பெரிய சண்டையாகி, பொதுக்கூட்டத்தில் கை தூக்கிப் போட்ட விதி அது. எழுதிக் கொடுத்தவர் ப்ரேபன். இப்போது வந்த அப்டேட், பாதுகாப்பு என்ற பெயரில், கணினிகளுக்கு வேறொரு வித்தை கற்றுக்கொடுத்திருந்தது. அவை தங்கள் உண்மையான எண்ணைச் சொல்வதில்லை. தினம் ஒரு புது எண்ணைக் கற்பனை செய்து சொல்கின்றன. கட்டடத்தின் கணினிகள் எல்லாம் ஒவ்வொரு காலையும் முகமூடி போட்டுக்கொண்டு சொந்த வீட்டு வாசலில் நின்றன. காவல்காரன் விதிப்படி அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.

சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கணினியிலும் அந்த வித்தையை அணைப்பது. மற்றது இங்கேயே, இந்தத் திரையில், 'பதிவானவை மட்டும்' என்பதற்கு எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுவது. பாஸ்வேர்டு எப்படியும் இருக்கிறது, ஒன்றும் கெட்டுவிடாது. ஒரே சொடுக்கு. மேலே எல்லா வீடுகளிலும் அந்த நொடியே நெட் ஓடும்.

ப்ரேபன் மவுசின் மேல் கையை வைத்தார். எல்லா வீடுகளிலும் ஓடும், ஆமாம். யாரும் 'அட' என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். தானாகப் போனது தானாக வந்தது என்பார்கள். அடுத்த வாரம் கை தூக்கி மூடிவிடுவார்கள்.

அப்போதுதான் அவருக்குள் இருந்த செயலாளர் தொண்டையைச் செருமினார்: இது பொதுக்கூட்டம் போட்ட விதி. பொதுக்கூட்டம்தான் மாற்ற முடியும். கமிட்டிக்கு அதிகாரம் இல்லை. தலைவர் யோசித்தார். உறுப்பினர் ஆமோதித்தார். ஒருமித்த முடிவு.

மறுநாள் காலை இரண்டு படிக்கட்டுகளின் கீழும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 'அப்டேட்டினால் ஏற்பட்ட கோளாறைச் சரிசெய்ய நெட் கமிட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வரும். ஏ படிக்கட்டு முதலில், பிறகு பி. அவரவர் முறை வரும்வரை பொறுத்திருக்கவும். காபி கட்டாயமில்லை, ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளப்படும்.'

கடைசி வரியை டிட்டே ரசித்தாள் என்று கேள்விப்பட்டார்.

அந்த வாரம் ப்ரேபன் வாழ்ந்தார். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, ஓட்டையில்லாத காலுறையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்த பெருமையோடு உள்ளே நுழைவார். வேலை மூன்று நிமிடம். அதை அரை மணி நேரமாக நீட்டும் கலை அவருக்கு விரைவிலேயே கைவந்தது. 'ம்ம்' என்பார். 'அப்படியா சேதி' என்று கணினியிடம் சொல்வார். வீட்டுக்காரர்கள் கவலையோடு பார்ப்பார்கள். பிறகு நெட் வந்ததும் அந்த முகங்களில் வரும் மலர்ச்சிக்காக, இன்னொரு மாடி ஏறலாம் போல இருக்கும்.

போடில் ஊறுகாய் ஹெர்ரிங் மீனும் ஒரு சின்னக் கோப்பை ஸ்னாப்ஸ் சாராயமும் கொடுத்தாள்.

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் நீ என் வீட்டுக்குள்ள வர்ற," என்றாள். "விபேக்கே போனப்பவே ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டா தப்பா நினைப்பியோன்னு இருந்துட்டேன்."

"தப்பாத்தான் நினைச்சிருப்பேன். ஆனா வந்திருப்பேன்."

"கிழட்டுப் பயலே," என்று அவள் இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

அஸ்கெர் தன் மாணவிகளின் ஆட்டத்தைக் காட்டினான். மாணவர்கள் முந்தின நாள் பாஸ்தாவைச் சூடாக்கித் தந்தார்கள். அப்டேட் ஒரேயடியாக வராமல் அலை அலையாக வந்ததால், சரிசெய்த வீடுகளிலேயே வேறொரு கணினி மறுபடி படுத்தது. சில வீடுகளுக்கு இரண்டாம் முறை போனார். டிட்டேயே ஒரு மாலை, "சரி, ஒத்துக்கறேன். கம்பெனிக்காரன் என் பசங்களுக்குக் காகிதத்துல கப்பல் செஞ்சு தர மாட்டான்," என்றாள். அன்று இறங்கும்போது அவர் கைப்பிடிச் சுவரைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே போனார்.

பி படிக்கட்டில் கடைசி வீடு, ஐந்தாம் மாடி, ஹானுஸ். பரோயே தீவுகளிலிருந்து வந்தவர். தன் ஊர் வழக்கப்படி பால்கனியில் ஆட்டுக்கால் தொங்கவிட்டுக் காயவைப்பார். அந்த வாடை படிக்கட்டில் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகும். எத்தனையோ வருடங்களாக ஒரே கட்டடம், ஆனால் 'வணக்கம்', 'மழை' ஆகிய இரண்டு வார்த்தைகளுக்கு மேல் அவரும் ப்ரேபனும் பேசிக்கொண்டதில்லை. வரிசையைப் போடும்போது, வாடைக்காகத்தான் ஐந்தாம் மாடியைக் கடைசியில் வைத்தார். கீழிருந்து மேலே போவதுதான் முறை என்று தனக்குத் தானே காரணமும் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை அவர் மணியை அடித்தபோது ஹானுஸ் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே மேசையில் கணினி, அதற்கு நேர் எதிரே ஒரே ஒரு நாற்காலி.

"காபி வேணுங்களா?" என்றார்.

"முதல்ல நோயாளியைப் பாத்துடலாம்." ப்ரேபன் உட்கார்ந்தார். இங்கே அரை மணி நேரமாக நீட்டத் தோன்றவில்லை. வாடை மூக்கில் ஏறியது. சட்டென்று வித்தையை அணைத்தார். நெட் வந்தது. "பாருங்க, வந்தாச்சு! யாரையாவது கூப்பிட்டுச் சோதிச்சுப் பாத்துடுங்க, நான் இருக்கும்போதே."

ஹானுஸ் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிட யாருமில்ல இப்ப. தம்பி யாகுப்பைத்தான் கூப்பிடுவேன். வியாழக்கிழமை போயிட்டான்."

ப்ரேபனின் கை விசைப்பலகையிலேயே இருந்தது.

"பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு அவனுக்கு," என்று ஹானுஸ் நிதானமாகச் சொன்னார், வேறொருவர் வீட்டுச் செய்தியைப் போல. "அங்க முதியோர் இல்லத்துல இருந்தான். தினம் சாயங்காலம் நர்ஸ் அவன் முன்னாடி திரையை வைப்பா. நான் கடல் வானிலை அறிக்கை படிப்பேன். ரெண்டு பேரும் ஒரே படகுல மீன் பிடிச்சவங்க. காத்து பலமா இருக்கும்னு படிச்சா விரலைத் தூக்குவான். பேச்சுன்னா அவ்வளவுதான் எங்களுக்குள்ள. போதும் அது."

"போன்ல..."

"போன்லயும் படிச்சேன், அதுல படம் தெரியாது. நர்ஸ் அவன் காதுல வச்சா. அவன் திரையையே பாத்துக்கிட்டு இருந்தானாம். அது கறுப்பாவே இருக்கேன்னு பாத்துக்கிட்டு இருந்தானாம். நர்ஸ் சொன்னா."

"நீங்க ஏன் என் வீட்டு மணியை அடிக்கல?" ப்ரேபனின் குரல் அவருக்கே கோபமாகக் கேட்டது. "எப்ப வேணாலும் அடிச்சிருக்கலாமே!"

ஹானுஸ் அந்தக் கேள்வியை உண்மையாகவே யோசித்தார். "முறை வரும்வரை பொறுத்திருக்கவும்னு போட்டிருந்தீங்களே. எனக்கு முன்னாடி எல்லாரும் இருந்தாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் இவ்வளவு நேரம் எடுக்குதேன்னா, கஷ்டமான வேலைதான் போலன்னு நினைச்சேன். நடுவுல வந்து தொந்தரவு செய்யலாமா?"

பிறகு ஆட்டுக்காலிலிருந்து மெல்லியதாக ஒரு துண்டு அறுத்து, ரொட்டி மேல் வைத்துக் கொடுத்தார். "வாடை பிடிக்காது உங்க ஊர்க்காரங்களுக்கு. வேணாம்னா விட்டுடுங்க."

ப்ரேபன் முழுவதையும் தின்றார். மெல்ல மெல்ல வாயில் அது பெரிதாகிக்கொண்டே போனது.

அங்கிருந்து நேராக நிலவறைக்குப் போனார். திரைமுன் நின்றார். டிக்கை எடுத்துவிடலாம். ஆனால் இப்போது எடுத்தால், அப்போதே எடுத்திருக்கலாம் என்று ஆகிவிடும். விதி, பொதுக்கூட்டம், அதிகாரம் என்று செயலாளரைத் துணைக்கு அழைத்தார். செயலாளர் வரவில்லை. தலைவரும் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு மேலே போனார், ஒற்றை ஆளாக.

வியாழக்கிழமை பொதுக்கூடம் நிறைந்திருந்தது. வழக்கம் போல முதலில் எல்லோரும் எழுந்து ஒரு பாட்டுப் பாடினார்கள், நவம்பரைப் பற்றி, தேவைக்கு மேல் இரண்டு சரணம். காபி, போடில் செய்த ஆப்பிள் கேக். சைக்கிள் கொட்டகையின் நிறம் பற்றி நீண்ட நேரம் சண்டை போட்டார்கள். இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராத ஹானுஸ், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை தம்பியின் அடக்கத்துக்கு விமானம்.

ஆறாவது விஷயம் வந்தது. டிட்டே எழுந்து சுருக்கமாகப் பேசினாள்: நாளைக்கு ப்ரேபனுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் யார் பார்ப்பது? ஒரு வாரம் நெட் இல்லாமல் எத்தனை பேர் திண்டாடினோம்? இன்றைக்கும் இரண்டு வீட்டில் ஓடவில்லை. ஆனாலும் அவள் குரலில் பழைய வேகம் இல்லை. அங்கங்கே தலைகள் ஆடின, எந்தப் பக்கம் என்று தெரியாமல்.

அப்போது கதவருகே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல," என்றார் ஹானுஸ். "என் வீட்டுக்கு ரொம்ப காலமா யாரும் வந்ததில்ல. ஆட்டுக்கறி வாடைன்னு எனக்கே தெரியும். ப்ரேபன் வந்தாரு. இவ்வளவு வீடும் தனியா ஏறி இறங்கிட்டு, கடைசியில அஞ்சு மாடி ஏறி வந்தாரு. என் தம்பி விஷயம் சொன்னேன், உக்காந்து கேட்டாரு. நான் குடுத்ததைச் சாப்பிட்டாரு, முகம் சுளிக்காம. கம்பெனிலேருந்து வர்றவன் அதெல்லாம் செய்ய மாட்டான். இதுதான் சொல்ல வந்தேன்."

பாராட்டாக எல்லோரும் மேசைகளை விரலால் தட்டினார்கள். போடில் மூக்கைத் துடைத்தாள். டிட்டே கையை விரித்தாள்.

"இதுக்கப்புறம் நான் என்ன பேசுறது? வேணும்னா தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஒரு வருஷம் பாப்போம். ப்ரேபன், சந்தோஷமா? நாய்க்குட்டி மூஞ்சி எங்க?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள். வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. எழுந்து ஒரு ஜோக் அடித்து, நன்றி சொல்லி உட்கார வேண்டியதுதான் பாக்கி. ப்ரேபன் எழுந்தார்.

"திங்கக்கிழமை சாயங்காலமே காரணம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார். "கீழே ஒரு டிக்கை எடுத்திருந்தா எல்லா வீட்டுலயும் அப்பவே நெட் வந்திருக்கும். நான் யார் வீட்டுக்கும் வந்திருக்கவே வேண்டியதில்ல."

கூடம் வெடித்துச் சிரித்தது. "பாருடா!" என்றான் அஸ்கெர். "அப்ப என் காபிப் பொடியைத் திருப்பிக் குடு!"

"ஜோக் இல்ல."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்க ஜோக் அடித்தவனுக்கு இது ஒரு தண்டனை என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. கைகளை மேசைமேல் ஊன்றிக்கொண்டு மறுபடி சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக. அந்த டிக் எங்கே இருக்கிறது என்றும் சொன்னார். சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. டிட்டேதான் முதலில் நிறுத்தினாள்.

"ஏன்?" என்றாள்.

"நீங்கல்லாம் கதவைத் திறந்தீங்க," என்றார். "அதான்."

ஹானுஸ் இன்னும் நின்றுகொண்டே இருந்தார்.

"எல்லா வீட்டுக்கும்னா, என் வீட்டுக்குமா?"

"உங்க வீட்டுக்கும்தான்."

"திங்கக்கிழமையே?"

"திங்கக்கிழமையே."

ஹானுஸ் தலையசைத்தார், ஒரு முகவரியைச் சரிபார்த்துக்கொண்டவரைப் போல. நாற்காலியை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளினார். தன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த சமையல் மேடைக்குப் போனார். பொதுக்கூடத்தில் அவரவர் கோப்பையை அவரவர் கழுவ வேண்டும் என்பது விதி. குழாய் திறந்தது. இத்தனை பேர் இருந்த கூடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கோப்பையின் உள்ளே, வெளியே, கைப்பிடி என்று பொறுமையாகக் கழுவி, துணியால் துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்து வெளியே போனார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. ஓங்கி அடித்துச் சாத்தியிருந்தால் ப்ரேபனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கூட்டத்தை நடத்தியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்மானம் இன்னும் வாபஸ் ஆகவில்லைதானே என்று டிட்டேயிடம் கேட்டார். டிட்டே மேசையைப் பார்த்தபடி, ஆகவில்லை என்றாள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

முதலில் உயர்ந்தது ப்ரேபனின் கை. மற்றவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக, ஏதோ தவறு செய்வது போலத் தூக்கினார்கள். போடில் கடைசியில் தூக்கினாள், அதுவும் முழங்கை வரைதான். எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. நன்றியுடன் என்ற அந்த வரியைக் குறிப்பில் சேர்ப்பதா என்று யாரோ கேட்க, சேர்க்கலாம் என்று முடிவானது.

ஏழாவது விஷயம் குப்பைத் தொட்டிகள். ப்ரேபன் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். மின்விசிறிகள் உறுமிக்கொண்டிருந்தன. உட்காராமல், கோட்டைக்கூடக் கழற்றாமல், அந்த டிக்கை எடுத்தார். விதியை மாற்ற இதற்கென்று யாரும் கை தூக்கவில்லைதான். திரையில் வாசலில் நின்ற எண்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின, பொய் எண், மெய் எண் எல்லாம்.

சுவருக்கு அப்பால் ஒரு போன் கிணுகிணுத்தது. பிறகு இன்னொன்று.

"ஏய், நெட் வந்துடுச்சு!" என்று ஒரு மாணவன் குரல்.

"சும்மா இரு," என்றது இன்னொரு குரல். டிட்டேயுடையது.

கூட்டம் முடிந்தது. நாற்காலிகளை அடுக்கும் சத்தம், கோப்பைகள், தண்ணீர், தாழ்ந்த பேச்சு. காலடிகள் அவர் கதவைத் தாண்டிப் படிக்கட்டை நோக்கிப் போயின. ஒரு ஜோடிக் காலடி மட்டும் கதவருகே நின்றது. ப்ரேபன் திரும்பாமல் காத்திருந்தார். உள்ளே வந்தால் என்ன சொல்வது என்று தேடினார். வழக்கமாக எதற்கும் ஒரு ஜோக் கிடைக்கும், இப்போது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் காலடியும் படியேறிப் போனது.

திரையில் எல்லா வீடுகளும் பச்சையாக எரிந்தன. தொடங்கிய நாளிலிருந்து நெட் இவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை.